வெள்ளித் தண்ணீர்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2002-இல் செனட் தேர்தலில் நின்றவர் ஸ்டான் ஜோன்ஸ். அவருடைய முகம் நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தது. பூசிய சாயம் இல்லை. குடித்த வெள்ளி.

2000-ஆம் ஆண்டு பிறந்தால் கணினிகள் முடங்கும், மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று பயந்து, 1999-இல் வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் தயாரித்துக் குடிக்கத் தொடங்கினார். செய்முறை எளிது. தண்ணீரில் இரண்டு வெள்ளிக் கம்பிகள், ஒரு பேட்டரி, அவ்வளவுதான். மின்சாரம் பாய்ந்ததும் வெள்ளி நுண்ணிய துகள்களாகத் தண்ணீரில் இறங்கும். எவ்வளவு இறங்கியது? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

குடித்த வெள்ளியில் ஒரு பகுதி தோலில் தங்கிவிடும். வெயில் பட்டால் கருக்கும், பழைய ஃபோட்டோ பிலிமில் வெளிச்சம் பட்டதுபோல. அந்த நிறம் பெரும்பாலும் போகவே போகாது.

வெள்ளி கிருமியைக் கொல்லும், உண்மைதான். தீக்காயத்துக்கு டாக்டர் தரும் வெள்ளைக் களிம்பிலும் வெள்ளி உண்டு. ஆனால் அது மேலே பூச. குடிக்க அல்ல.

குடிக்கும் வெள்ளித் தண்ணீரைப் பாதுகாப்பான, பலன் தரும் மருந்தாக ஏற்க முடியாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-லேயே அறிவித்துவிட்டது. தைராய்டு மாத்திரையும் சில ஆன்டிபயாடிக்குகளும் உடம்பில் சேர்வதையும் வெள்ளி குறைத்துவிடலாம். உங்கள் வீட்டில் யாராவது இதைக் குடிக்கிறார்கள் என்றால், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.