லாபோ கடற்கரையில் ஒரு நீர்மூழ்கி

ஜெர்மனி தேசத்தின் வடகோடியில், பால்டிக் கடல் நிலத்தினுள் ஒடுங்கிப் புகுந்திருக்கும் கழியின் முனையில் இருப்பது கீல் துறைமுகம். அங்கிருந்து படகேறி, கழியின் கீழ்க்கரையை ஒட்டிக் கடல்வாய் நோக்கிச் சென்றால், லாபோ என்னும் சிற்றூரையும், அதன் எல்லையில் 72 மீட்டர் உயர்ந்து நிற்கும் மாலுமிகளின் ஞாபகார்த்த ஸ்தூபியையும் காணலாம். அந்த ஸ்தூபியின் காலடியில், மணற்பரப்பின்மீது, யு-995 என்னும் நீர்மூழ்கிக் கப்பல் தாங்கிகளில் அமர்த்தப்பட்டிருக்கிறது.

ஏறத்தாழ 67 மீட்டர் நீளமுள்ள இக்கப்பலின் பின்பகுதியில் வெட்டியிருக்கும் வாசல் வழியே நுழைந்தால், முதலில் மின் மோட்டார்களும், அடுத்து டீசல் எந்திரங்களும் இருபுறமும் நெருக்க, நடுவிலுள்ள சந்து வழியாகத்தான் முன்னேற வேண்டும். அதற்கப்பால், வட்டத் துவாரங்களில் தலையைக் குனிந்து காலைத் தூக்கி நுழைந்து நுழைந்து, சமையல் மூலையையும், சக்கரங்களும் குழாய்களும் கொடிகளெனப் படர்ந்த கட்டுப்பாட்டு அறையையும், ஒரு திரைச்சீலையே கதவாக அமைந்த தளபதியின் இருப்பிடத்தையும் கடந்து, டார்பிடோக்களோடு மாலுமிகள் படுத்துறங்கிய முன்னறையை அடைகிறோம். சுமார் ஐம்பது பேர் இதற்குள் வாரக்கணக்கில் வாழ்ந்தார்கள் என்பதை நேரில் கண்டாலன்றி நம்புதல் அரிது.

ஹாம்பர்க் நகரில் கட்டப்பெற்று 1943 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த இக்கப்பல், ரஷ்யாவுக்குத் தளவாடம் ஏற்றிச் சென்ற நேசநாட்டுக் கப்பல் வரிசைகளை நார்வேக்கு அப்பாலுள்ள வடதுருவக் கடலில் வேட்டையாடியது. யுத்தம் முடிந்தபோது ட்ரோன்ட்ஹைம் துறைமுகத்தில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தது. ஐந்தாண்டுகள் ஜெர்மானியப் படையின் ஆக்கிரமிப்பில் துன்புற்ற நார்வே தேசமே 1948-இல் இதைப் பெற்று, செப்பனிட்டு, 1952 முதல் ‘கௌரா’ என்ற பெயரில் தன் கடற்படையில் சேர்த்துக்கொண்டது விந்தையிலும் விந்தை. சேவை முடிந்தபின், ஒரே ஒரு மார்க் என்னும் பெயரளவு விலைக்கு ஜெர்மனிக்குத் திருப்பித் தரவும் அந்நாடு முன்வந்தது. அவ்விதம் தாயகம் மீண்ட கப்பல், பழைய உருவும் பெயரும் பெற்று, 1972-இல் ராட்சத மிதவைப் பாரந்தூக்கிகளால் இந்த மணலில் வைக்கப்பட்டது. இதே வகையைச் சேர்ந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டும், இன்று முழுமையாய் எஞ்சியிருப்பது இது ஒன்றே. பகைவர் கையில் உழைத்ததனால்தான் இது பிழைத்தது.

கீலுக்குச் செல்லும் நேயர்கள், லாபோ செல்லும் வழியிலேயே உள்ள மோல்டெனார்ட் கரையில் இறங்கி, நீர்மூழ்கிகளில் மாண்டவர்களுக்காக அங்குள்ள நினைவிடத்தின் பெயர்ப்பலகைகளையும் அவசியம் பார்க்கவேண்டும். எந்திரத்தின் சாமர்த்தியத்தை லாபோவில் காணலாம். அதன் விலையைக் காண மோல்டெனார்ட்டுக்குத்தான் போகவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் பணிபுரிந்த சுமார் 40,000 பேரில், ஏறக்குறைய 30,000 பேர் மாண்டுபோனார்கள்.