மாலை ஐந்து மணிக்கும் அழைப்பு உண்டு

(பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, 24.09.2023 – வானொலி மறையுரை. நற்செய்தி: மத்தேயு 20:1-16)



திராட்சைத் தோட்டப் பணியாளர்கள் உவமையைக் கேட்கும்போதெல்லாம், நாள் முழுதும் உழைத்தவருக்கும் ஒரு மணி நேரம் உழைத்தவருக்கும் ஒரே கூலியா என்ற கேள்விதான் நம் மனத்தில் முதலில் எழுகிறது. இன்று அந்த உரிமையாளர் கொடுத்த கூலிக்கு முன், அவர் நடந்த நடையைச் சற்றுக் கவனிப்போம். விடியற்காலையில் வெளியே போகிறார். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் போகிறார். பொழுது சாயும் நேரம், ஐந்து மணிக்கும் போகிறார். ஒரே நாளில் ஐந்து முறை! கூலி கொடுக்க மேற்பார்வையாளர் இருக்கிறார். ஆனால் ஆள் தேட உரிமையாளர் தாமே போகிறார். கடைசியாக நிற்பவர்களைக் கண்டு, நாள் முழுவதும் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் அவர்கள்.

நம் திருப்பூரில் இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது. இங்கே பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை தெருவில் நின்றால், வேலைக்குக் கூப்பிடப் பலர் இருக்கிறார்கள். மீண்டும் பள்ளிக்கு வா என்று கூப்பிடத்தான் ஆள் இல்லை.

கோவிட் பெருந்தொற்று உலகளாவிய நெருக்கடி நிலை என்பது முடிவுக்கு வந்துவிட்டதாக, உலக நல நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அறிவித்தது. முகக்கவசங்கள் மறைந்துவிட்டன. ஆலயங்கள் நிரம்புகின்றன. ஆனால் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்களா என்று ஆண்டவர் நம்மிடம் கேட்கிறார்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. வெளிநாட்டு ஆர்டர்கள் ரத்தாயின, தைத்து முடித்த சரக்கு பெட்டியிலேயே நின்றது, சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பியிருந்த லைன் வீடுகளில் அடுப்பு அணைந்தது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் சிறப்பு இரயில்களில் சொந்த ஊர் திரும்பினார்கள். தேனி, திண்டுக்கல், இராமநாதபுரத்துக்காரர்களும் கிராமத்திற்குப் போனார்கள். அவர்களோடு பள்ளிப் பைகளும் போயின.

பள்ளிகள் அந்த மார்ச்சில் மூடப்பட்டன. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு அவை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதாவது 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, முதன்முதலாக வகுப்பறைக்குள் காலெடுத்து வைத்தபோது அது இரண்டாம் வகுப்புக் குழந்தை! கல்வித் தொலைக்காட்சி இருந்தது, கைப்பேசியில் பாடம் வந்தது. ஆனால் ஒரே அறை வீட்டில், ஒரே கைப்பேசியில், மூன்று பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்? அந்த ஒரு கைப்பேசியையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால்?

இந்திய அளவில் கிராமப்புறங்களில் எடுக்கப்படும் 'அசர்' ஆய்வு ஓர் உண்மையைச் சொல்கிறது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 2018இல் நூற்றுக்கு 27 பேர். 2022இல் அது ஏறக்குறைய 20 பேராகக் குறைந்தது.

பெரிய பிள்ளைகளின் நிலையோ வேறு. 2023 மார்ச் 13ஆம் தேதி பிளஸ் டூ தமிழ்த் தேர்வு நடந்தபோது, மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் தேர்வெழுத வரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வின்றிப் பத்தாம் வகுப்பைக் கடந்து, பிறகு பள்ளிப் பக்கம் வராமலேயே நின்றுவிட்டவர்கள் அவர்களில் பலர் என்று விளக்கம் தரப்பட்டது. பெயர் பதிவேட்டில் இருந்தது. பிள்ளை அங்கே இல்லை.

அன்பர்களே, அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? நம் பகுதியைப் பொறுத்தவரை பதில் நமக்குத் தெரியும். கம்பெனி மீண்டும் திறந்தபோது ஆள் தேவைப்பட்டது. கைமடிக்கவும், பிசிர் வெட்டவும், செக்கிங்கிற்கும் சிறிய கைகள் போதும். பள்ளி திறக்கும்வரைதானே என்று வீட்டில் சொன்னார்கள். முதல் வாரம் சம்பளம் வந்தது, அரிசி வந்தது, வாடகைப் பாக்கி குறைந்தது. பள்ளி திறந்தபோது அந்தச் சம்பளம் இல்லாமல் குடும்பம் நடக்காது என்ற நிலை. அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையை மறந்துவிடவும் நமக்கு உரிமை இல்லை.

உவமையில் வரும் உரிமையாளர் ஒரு விவசாயி. பழுத்த திராட்சை காத்திருக்காது என்பதை அவர் அறிவார். நம் மாவட்டத்து விவசாயியும் அதை நன்கு அறிவார். ஊரடங்கிலும் வேளாண்மைக்குத் தடை இல்லை என்றார்கள். ஆனால் லாரி ஓடவில்லை, கல்யாண மண்டபமும் ஓட்டலும் திறக்கவில்லை, பறிப்புக்கு ஆள் வரவில்லை. சின்ன வெங்காயத்தையாவது பட்டறை போட்டு வைக்கலாம். உடுமலைப்பேட்டைத் தக்காளியை எத்தனை நாள் வைக்க முடியும்? பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைகளுக்கோ அடி முன்பே விழுந்துவிட்டது. கோழிக்கறியில் கொரோனா பரவுகிறது என்று 2020 தொடக்கத்தில் கைப்பேசிகளில் பறந்த ஒரு பொய்ச் செய்தி, பல குடும்பங்களின் பிழைப்பைச் சாய்த்தது.

கல்வியையும் விவசாயத்தையும் நாம் தனித்தனியாகப் பேசுகிறோம். ஆனால் வீட்டிற்குள் அவை ஒன்றுதான். ஒரு போகம் விலையில்லாமல் போனால், நகை அடகுக்குப் போகிறது. அடுத்த போகமும் போனால், நகையைத் திருப்புவதற்காக மூத்த பிள்ளை கம்பெனி வேனில் ஏறுகிறது. தாராபுரம், குண்டடம், மூலனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் வந்து நிற்கும் அந்த வேன்களை நாம் அறிவோம். காட்டில் விளைந்த நட்டத்தை வகுப்பறையில் ஒரு காலி இடம் அடைத்தது.

இத்தனைக்கும், அந்த நாள்களில் நம்மைத் தாங்கியது கிராமம்தான். வேலை இழந்து திரும்பியவர்களைத் தன் மடியில் ஏற்றுக்கொண்டது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2020-21ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஏறக்குறைய 389 கோடி மனித நாள்கள் வேலை நடந்தது; அதற்கு முன் எந்த ஆண்டிலும் இவ்வளவு நடந்ததில்லை. நாட்டின் பொருளாதாரம் சுருங்கிய அந்த ஆண்டிலும் வேளாண்மை வளர்ந்தது. அதனால்தான் ஊரடங்கிலும் நம் தட்டில் சோறு இருந்தது.

2020 மார்ச் 27 அன்று மாலை, மழையில் நனைந்த, ஆளில்லாத புனித பேதுரு வளாகத்தில் நின்று திருத்தந்தை பிரான்சிஸ், கடலில் எழுந்த புயலைப் பற்றிய நற்செய்தியைச் சிந்தித்தார். நாம் அனைவரும் ஒரே படகில் இருக்கிறோம் என்பதை அன்று நினைவூட்டினார். அதே ஆண்டு அக்டோபரில், கல்வியில் ஒரு பேரழிவு நேர்ந்துகொண்டிருக்கிறது என்றும் எச்சரித்தார். படகில் இருப்பவர்களை எண்ணிப் பார்க்க வேண்டிய நேரம் இது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவில் வாழும் பெண்கள், பிள்ளைகளைத் திண்ணையிலும் கோவில் மண்டபத்திலும் மரத்தடியிலும் அமர்த்திச் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பு நேரம் என்ன தெரியுமா? மாலை ஐந்து மணிமுதல் ஏழு மணிக்குள்! உரிமையாளர் கடைசி முறையாகச் சந்தைவெளிக்குப் போனதும் ஐந்து மணிக்குத்தான். இனி என்ன பயன் என்று எல்லாரும் கைவிடும் நேரத்தில் இறைவன் வெளியே போகிறார்.

எனவே இந்த வாரம் நாமும் வெளியே போவோம். ஒவ்வோர் அன்பியக் கூட்டத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்போம்: 2020க்கு முன் பள்ளிக்குப் போய், இன்று போகாத பிள்ளை நம் தெருவில் யார்? பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்போம். கத்தோலிக்கப் பிள்ளையா, பிற சமயத்துப் பிள்ளையா, இந்தி பேசும் பிள்ளையா என்று பார்க்காமல் கேட்போம். பிறகு அந்த வீட்டுக்குப் போவோம். அந்த வீட்டின் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அறிவுரை மட்டும் சொல்லிவிட்டு வர வேண்டாம். அந்தச் சம்பளத்தில் எவ்வளவை நம் வின்சென்ட் தே பவுல் சபை ஈடுசெய்ய முடியும் என்று பார்ப்போம். பத்தாம் வகுப்பை முடித்தவருக்குப் பதினோராம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் திறந்திருக்கின்றன. முடிக்காதவர் தனித்தேர்வராக எழுதலாம். கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம்.

நம் பங்கில் பவர் டேபிள் நடத்தும் சகோதரர்களும், செக்கிங் பிரிவு நடத்தும் சகோதரிகளும் இருக்கிறார்கள். பாவம், கஷ்டப்படுகிற குடும்பம், ஒத்தாசையாக இருக்கட்டும் என்று நினைத்துச் சிறுவரை வேலைக்குச் சேர்க்கத் தோன்றும். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த ஒத்தாசையை அப்பாவின் கூலியை உயர்த்தியோ, அம்மாவுக்கு வேலை கொடுத்தோ செய்யுங்கள். பதினான்கு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது. நற்செய்தி அதற்கு முன்பே தடுத்துவிட்டது. உழவர் சந்தையில் காய் வாங்கும்போது விவசாயியிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசாமல் இருப்பதும் ஒரு பிள்ளையின் படிப்புக்கு நாம் செய்யும் உதவியே.

கடைசியாக அந்தக் கூலியைப் பார்ப்போம். தெனாரியம் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. ஐந்து மணிக்கு வந்தவரின் வீட்டிலும் பிள்ளைகளுக்கு முழு வயிறுதான் என்பதை அந்த உரிமையாளர் அறிந்திருந்தார். அதனால் முழுத் தெனாரியம் கொடுத்தார். தாமதமாகத் திரும்பும் பிள்ளைக்கும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று அரைக் கல்வி கொடுக்க வேண்டாம். நம் சொந்தப் பிள்ளைக்கு என்ன விரும்புகிறோமோ, அதே முழுக் கல்வியை அந்தப் பிள்ளைக்கும் விரும்புவோம்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, பொழுது சாய்ந்த பின்னும் எங்களைத் தேடி வருகிறவரே, பள்ளிக்குத் திரும்பாத பிள்ளைகளைத் தேடிச் செல்ல எங்களுக்குக் கால்களையும், அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க நாவையும், உழுது உணவளிப்போரை மதிக்கும் மனத்தையும் தாரும். ஆமென்.