மரவேலைக்கு அரக்கு மெருகு
(கைத்தொழில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



அறுப்பது, இழைப்பது, பொருத்துவது எல்லாம் மாணவர் செய்ய, கண்காட்சி நெருங்கியதும் மெருகேற்றும் வேலையை மட்டும் ஆசிரியரே எடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கம். பொருள் பளபளக்கும், ஆனால் 'இது நான் செய்தது' என்று சொல்லும் பெருமை பாதி குறைந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களையே பூசவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். அதற்கு ஏற்றது அரக்கு.

புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் இது. கிளையிலிருந்து எடுத்தது கொம்பரக்கு. உருக்கித் தூய்மை செய்து, மெல்லிய தகடாக்கி உடைத்தது அவலரக்கு. அரக்கு விளைச்சலில் முன்னிற்கும் ஜார்க்கண்டில், ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924இல் இதற்கென ஆராய்ச்சி நிலையமே தொடங்கப்பட்டது. பழைய கிராமபோன் இசைத்தட்டுகளும் அரக்குக் கலவையால் ஆனவையே.

செய்முறைக்கு வருவோம். 100 மில்லி ஸ்பிரிட்டில் 20 கிராம் அவலரக்கை இட்டு, கண்ணாடிப் புட்டியில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். தகர டப்பா வேண்டாம். இரும்பு பட்டால் கரைசல் கறுக்கும். கரைத்ததை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். பழையது என்றால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் பிசுபிசுத்தால் அது உதவாது.

மரத்தை இழையோட்டத்தின் திசையிலேயே உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும். பஞ்சைப் பழைய பருத்தித் துணியில் பொதிந்து, கரைசலில் நனைத்து, நீளவாக்கில் ஒரே இழுப்பாகப் பூச வேண்டும். பூசிய இடத்தை ஈரத்தோடு மறுபடி தொடக் கூடாது. முதல் பூச்சில் மர இழைகள் எழும்பும். ஒரு மணி நேரம் காயவிட்டு, 320ஆம் எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து அடுத்ததைப் பூசலாம். நான்கைந்து மெல்லிய பூச்சு போதும். மழை நாளில் பூசாதீர்கள். காற்றின் ஈரம் பட்டு வெண்மை படரும்.

ஒவ்வொரு புதுப் பூச்சும் முந்தையதைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுகிறது. அதனால் கோடு விழுந்தாலும் ஸ்பிரிட் தொட்ட துணியால் சரிசெய்துவிடலாம். பிள்ளைகளின் கைக்கு இது தகுந்ததாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கரைப்பான், ஆவியாதல் ஆகிய பாடங்களையும் அங்கேயே கற்பிக்கலாம்.

சூடும் நீரும் இதற்கு ஆகா. பேனா தாங்கி, படச்சட்டம், சிறு பெட்டி ஆகியவற்றுக்குப் பூசுங்கள்; தண்ணீர்த் தம்ளர் வைக்கும் தட்டுக்கு வேண்டாம்.

ஸ்பிரிட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது எளிதில் தீப்பற்றும். குடித்தால் பார்வையும் உயிரும் போகும். அளந்து ஊற்றுவதும் பூட்டி வைப்பதும் ஆசிரியர் பொறுப்பு. சன்னல்கள் திறந்திருக்கட்டும், கையுறை இருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது. நனைந்த துணிகளை வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

அடுத்த கண்காட்சியில் பூச்சு சற்று மேடுபள்ளமாக இருந்தாலும் அப்படியே வையுங்கள். பக்கத்தில் அந்த மாணவரை நிறுத்தி, எப்படிப் பூசினார் என்று வருவோருக்குச் சொல்லச் செய்யுங்கள்.