நம்மை அறிந்த டாக்டர்

(தேனி மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருத்துவம் என்றதும் பெரிய கட்டடங்களும் விலையுயர்ந்த இயந்திரங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும் இன்று நான் பேச வந்தது அவற்றைப் பற்றியன்று. ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம், நோய் முற்றிய பிறகு மட்டுமின்றி, ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து சென்று வருவதால் விளையும் நன்மையைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்கு இதை விளக்குவது கடினமன்று. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து செய்பவரைப் பருவந்தோறும் மாற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? எந்தக் கொடி சென்ற முறை நன்றாகக் காய்த்தது, எது நோயுற்றுத் தேறியது, எந்த மூலையில் நீர் தேங்கும் என்பதையெல்லாம் புதிதாக வந்தவர் எவ்வாறு அறிவார்? அவர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தோட்டத்தை அறிந்தவர் அல்லர். மனித உடம்பும் அவ்வாறே. மருத்துவம் கற்ற டாக்டர் பலர் உண்டு. நம்மை அறிந்த டாக்டரே நமக்கு அரியவர்.

பழைய அளவும் புதிய அளவும்

ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் வலி இல்லாமல் வருபவை. வலி இல்லாததனாலேயே பலர் மாத்திரையைச் சில மாதம் சாப்பிட்டு, பின் நிறுத்திவிடுகிறார்கள். இதன் விளைவு என்ன? 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடத்தப்பெற்ற ஸ்டெப்ஸ் என்னும் ஆய்வு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுள் 100-க்கு 7 பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது என்று காட்டியது. சர்க்கரை நோயாளிகளுள் அவ்வாறு கட்டுக்குள் இருந்தவர்கள் 100-க்கு 11 பேர். மருந்து இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் இந்த நிலை! குறை மருந்தில் மட்டும் இல்லை. தொடர்ச்சி அறுந்துபோவதிலும் இருக்கிறது.

ஒரு நாள் பார்த்த அளவு ஒரு நாளின் செய்தியையே சொல்லும். சென்ற ஆண்டின் அளவையும் இந்த ஆண்டின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நோய் எத்திசையில் செல்கிறது என்பது விளங்கும். சிறுநீரகம் மெல்ல மெல்லத் தளர்வதை, காலில் உணர்ச்சி குறைந்து வருவதை, எடை காரணமின்றி இறங்குவதை முன்பே பார்த்துப் பழகியவரே விரைவில் கண்டுகொள்வார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கும் டாக்டர் ஒருவர், சர்க்கரை நோயாளியின் காலையே காப்பாற்றிவிடக் கூடும்.

ஒரே நோய்க்குப் பல சீட்டு

இந்த வாரம் தேனியில் ஒரு டாக்டர், அடுத்த மாதம் மதுரையில் ஒருவர், நடுவில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை என்று அலைபவர்கள் நம்மிடையே உண்டு. வெவ்வேறு பெயர் கொண்ட ஒரே மருந்தை இரு சீட்டுகளின்படி ஒருவரே உட்கொள்ளும் அபாயம் இதனால் நேர்கிறது. மூட்டு வலிக்காகவும் முதுகு வலிக்காகவும் நாள்தோறும் உட்கொள்ளும் வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. சிறுநீரகத்துக்கும் தீங்கு செய்யக்கூடியவை. எல்லா மருந்துகளையும் ஒருசேரப் பார்க்கும் ஒருவர் இருந்தாலன்றி, இதைத் தடுப்பவர் எவருமில்லை.

தொழிலை அறிவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. ஒருவர் தலைவலி, மயக்கம், மிகுந்த வியர்வை என்று வருகிறார். அவர் திராட்சைக்கு மருந்து தெளிப்பவர் என்பதை முன்பே அறிந்த டாக்டர், “இன்று என்ன மருந்து அடித்தீர்கள்?” என்றுதான் முதலில் கேட்பார். அந்த ஒரு கேள்வியால் காலம் மிச்சமாகிறது. சில வேளை உயிரும் மிஞ்சுகிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, பழகிய இடத்தில்தான் மனிதன் உண்மையைச் சொல்வான். மார்பில் தட்டுப்படும் கட்டியை, மாதவிடாய் நின்ற பிறகு காணும் உதிரப்போக்கை, குடிப்பழக்கத்தை, விளைச்சல் பொய்த்துக் கடன் நெருக்கும்போது எழும் மனச்சோர்வை முன்பின் அறியாதவரிடம் எவர் எளிதில் சொல்வர்? சொல்லத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் நோய்க்கு நாம் அளிக்கும் அவகாசமாகும்.

முகாமும் நிலையமும்

இதற்கு நம் மாவட்டமே ஒரு சான்று தருகிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-இல் தேனியிலும் ஒரு மருத்துவமனையைத் திறந்தது. கிராமந்தோறும் முகாம் நடத்துவதில் அந்த ஸ்தாபனம் பெயர் பெற்றது. ஆயினும் முகாமுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணி அவர்கள் நிறைவு கொள்ளவில்லை. வராதவர்கள் எத்தனை பேர் என்றும் கணக்கெடுத்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வு, முகாம் நடந்த கிராமங்களில் கண்குறை உடையவர்களுள் 100-க்கு 7 பேர்கூட முகாமுக்கு வரவில்லை என்று தெரிவித்தது. அறுவடை நாள், துணைக்கு ஆளின்மை, அச்சம் என்று காரணங்கள் பல இருக்கலாம். முகாம் ஒரு நாள் வந்து போவது. மனிதனின் வசதியோ வேறொரு நாளில் வருவது.

இதன் பிறகு சிற்றூர்களில் நிரந்தரமான கண் பார்வை மையங்கள் அமைந்தன. தொடக்கக் காலத்து மையங்களுட் சில தேனி மருத்துவமனையோடு இணைக்கப்பட்டவை. பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிக்கிறார். தொலைவிலுள்ள டாக்டர் கணினித் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். அடுத்த முறை வரும்போது பழைய பதிவு அங்கேயே காத்திருக்கிறது. முகாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகாமில் கண்டுபிடித்த நோயைத் தொடர்ந்து கவனிக்க ஒரு நிலையான இடம் வேண்டும் என்பதே என் கருத்து.

பிற இடங்களின் அனுபவம்

தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்டது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி தம்பதியர் அங்கே குடிபுகுந்து, ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, அவர்களையே சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். முன்பு அங்கே 1,000 குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்துவந்தன. பின்னாளில் அந்த எண்ணிக்கை சுமார் 20 ஆகக் குறைந்தது. வந்து போனவர்களால் நிகழ்ந்ததன்று இது; தங்கியிருந்தவர்களால் நிகழ்ந்தது.

நார்வே நாட்டில் 2001 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு டாக்டர் உண்டு. சுமார் 45 லட்சம் மக்களின் பதிவுகளை அங்கே ஆராய்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே டாக்டரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் சென்றவர்களை, ஓராண்டு மட்டுமே சென்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்னவர்களிடையே, நேரம் கடந்த வேளையில் டாக்டரைத் தேடி ஓடுவது சுமார் 30 சதவீதமும், அவசரமாக மருத்துவமனையில் சேர்வது 28 சதவீதமும், இறப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்தன. பழக்கம் நீள நீள நன்மையும் படிப்படியாக உயர்ந்தது. நம் நாடு வேறு, அந்நாடு வேறு என்பது உண்மையே. எனினும் மனித உடம்பும் மனித நம்பிக்கையும் எங்கும் ஒன்றே அன்றோ?

டாக்டர் மாறிவிட்டால்?

அரசாங்க டாக்டர் மாற்றலாகிப் போய்விடுவாரே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. டாக்டர் மாறினாலும் தொடர்ச்சி அறாமல் இருக்க மூன்று இழைகள் உண்டு. முதலாவது, நிலையத்தின் பதிவேடு. இரண்டாவது, வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அறிந்து வைத்திருக்கும் கிராம சுகாதார செவிலியர். மூன்றாவது, நம் கையிலுள்ள சிகிச்சைக் குறிப்பு நோட்டு. அந்த நோட்டைப் பட்டாவைப் போலப் பத்திரப்படுத்த வேண்டும். எந்த டாக்டரிடம் சென்றாலும் அதைக் கொண்டு செல்ல வேண்டும்.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. முதியோர்க்கும் நடக்க இயலாதவர்க்கும் இது பேருதவி. ஆனால் மாத்திரை நம்மைக் கேள்வி கேட்காது. ஆகையால், மாத்திரை வீட்டுக்கு வந்தாலும், டாக்டர் குறித்த நாளில் நிலையத்துக்குச் செல்வதை விட்டுவிடலாகாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

நம் பகுதிக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களும் ஆண்களும் மாலையில்தான் ஊர் திரும்புகிறார்கள். ஒரு நாள் டாக்டரைப் பார்ப்பது அவர்களுக்கு ஒரு நாள் கூலியை இழப்பதாகும். இத்தகையோர் எத்தனை பேர் என்று ஊராட்சி கணக்கெடுக்கட்டும். அவர்களுக்கு ஏற்ற மாலை வேளையையோ விடுமுறை நாளையோ ஒதுக்கித் தருமாறு மருத்துவ அலுவலரிடம் எடுத்துச் சொல்லட்டும்.

நிலையத்துக்குச் செல்லும் சாலை, குடிநீர், விளக்கு இவற்றைக் கவனிப்பது நம் பொறுப்பு. கிராம சபைக்கு மருத்துவ அலுவலரையும் செவிலியரையும் அழைத்து, குறைகளை மட்டுமின்றித் தேவைகளையும் கலந்து பேசலாம். இடையில் மருந்தை நிறுத்தியவர்களைத் தேடிச் சென்று மீண்டும் நிலையத்துக்கு அழைத்துவர வார்டு உறுப்பினரைவிடத் தகுந்தவர் யார்? ஆனால் ஒருவரின் நோய் அவருக்கே உரிய செய்தி. அது சாவடிப் பேச்சாகிவிடக் கூடாது. புதிதாக வரும் டாக்டரை ஊர் வரவேற்று, குடியிருக்க வசதி செய்து கொடுத்தால், அவருக்கும் இங்கே நிலைத்திருக்க மனம் வரும்.

பெரியோர்களே, இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு நிலையம், ஒரு நோட்டு, குறித்த நாளில் தவறாத வருகை, இவை மூன்றும் போதும். நோய் வந்தபின் டாக்டரைத் தேடுவது ஒரு வழி. நோய் வருமுன்பே டாக்டர் நம்மை அறிந்திருப்பது மற்றொரு வழி. வாய்க்காலில் நீர் வருமுன் கரையைப் பலப்படுத்தும் விவசாயிகளாகிய நீங்கள், இரண்டாவது வழியையே தேர்ந்தெடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.