பாலும் இல்லாத சைவம்: கற்க வருபவர்கள் கேட்பது என்ன?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரை)



வீகன் சமையல் வகுப்புக்குப் புதிதாக வருபவர்கள் எதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறார்கள் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சமையல் நிபுணர் இல்லை, உணவியல் படித்தவளும் இல்லை. கேமராவுக்கு முன்னால் சமையல்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அடுத்து என்ன சேர்க்கப் போறீங்க?" என்று கேட்பதுதான் என் தொழில். கேட்கத் தெரியும், அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்தில்தான் சமூக மன்றம் ஒன்றில் நடந்த வீகன் வகுப்பை வழிநடத்தப் போனபோது ஒரு காரியம் செய்தேன். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பு எல்லாருக்கும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, "இன்றைக்கு என்ன தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்?" என்று எழுதச் சொன்னேன். பெயர் வேண்டாம், கேள்வி மட்டும் போதும் என்றேன்.

ஆசிரியர் தயாரித்து வைத்திருந்தவை மூன்று: முட்டை இல்லாத சாக்லேட் கேக், முந்திரியில் செய்த சீஸ், பலாக்காய் ரெண்டாங். தாள்களைப் பிரித்துப் பார்த்தால் கேக் வேண்டும் என்று எழுதியவர் ஒரே ஒருவர்! மற்றவர்கள் எழுதியதைக் கேளுங்கள். "தேத்தண்ணிக்கு என்ன பால் ஊத்துறது?" "தயிர் இல்லாம எப்படி?" "மகன் கோழி இல்லாமல் சாப்பிட மாட்டான், தினமும் இரண்டு சமையலா?" "சத்துக் குறைந்துவிடுமா?" ஒரு தாளில் மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது: "எனக்குச் சர்க்கரை இருக்கு. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லிட்டார். மீனையும் பாலையும் விட்டுட்டா எதைத்தான் சாப்பிடுறது?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

வீகன் என்ற சொல் 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தது. சைவ உணவுக்காரர்களிலேயே பால், முட்டை இரண்டையும் தவிர்த்தவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு வைத்த பெயர். தேனையும் சேர்க்க மாட்டார்கள். தமிழில் நனிசைவம் என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல்தான். ஆனால் தேக்கா சந்தையில் போய் அப்படிக் கேட்டால் காய்க்காரர் என்னை ஒருமாதிரிப் பார்ப்பார். என் அத்தை சொல்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது: "பாலும் இல்லாத சைவம்."

நம்மவர்களுக்கு இது பெரிய வித்தையா என்ன? புரட்டாசி மாதம் முழுவதும் சைவம். தைப்பூசக் காவடிக்கு 48 நாள் விரதம் இருக்கும் இளையர்கள் எத்தனை பேர்! நெய் ஊற்றாத சாம்பார், ரசம், காரக்குழம்பு, பொரியல், இட்லி, தோசை, சுண்டல் எல்லாமே பால் தொடாத உணவுதான். அதனால்தான் வகுப்புக்கு வரும் நம் பெண்களுக்குப் பலாக்காய் ரெண்டாங் வியப்பாக இருப்பதில்லை.

சிக்கல் அங்கே இல்லை. நம்முடைய சைவம் இரண்டு வகை. ஒன்று, விரதச் சைவம். அதற்கு முடிவுத் தேதி உண்டு. 48 நாளில் உடம்பில் எது குறைந்தாலும் பிறகு மீன் குழம்பு வந்து ஈடுகட்டிவிடும். இன்னொன்று, ஆயுள் முழுக்கச் சைவம். அதில் பாலும் தயிரும் மோரும் தூண் மாதிரி நின்றன. வீகனுக்கு மாறுபவர் அந்தத் தூணையும் எடுத்துவிடுகிறார், முடிவுத் தேதியும் வைப்பதில்லை. அப்படியென்றால் எடுத்த தூணுக்குப் பதிலாக எதை நிறுத்துவது? தாள்களில் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தால், எல்லாரும் கேட்டது இதைத்தான்.

இப்போது அத்தை கதை. அவருக்கு வயது அறுபதுக்கு மேல். பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். பண்ணை மாடுகளைப் பற்றிய ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, "இனி இந்த வீட்டில் பால் வேண்டாம்" என்று முடிவெடுத்தார். மீன், முட்டையை ஏற்கெனவே விட்டவர். முதல் ஆண்டில் எடை குறைந்தது, உற்சாகமாக இருந்தார். நாங்களும் பாராட்டினோம். பிறகு பாதத்தில் ஊசி குத்துவது போல் இருக்கிறது என்றார். படி இறங்கும்போது தடுமாறினார். "சர்க்கரை இருந்தா கால் அப்படித்தான் இருக்கும்" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வைட்டமின் பி12 மிகக் குறைவு. ஊசி போட்டார்கள். தடுமாற்றம் நின்றது. பாதத்தில் மதமதப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

பி12 ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படுவது 2.4 மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் அது காய்கறியிலும் பருப்பிலும் இல்லை. தெம்பேயில் இருக்கிறது, கடற்பாசியில் இருக்கிறது என்பார்கள். அவற்றை நம்பி இருக்க முடியாது. கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான கையிருப்பு இருப்பதால், விட்டவுடனே ஒன்றும் தெரியாது. போதாததற்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடியது. அத்தைக்கு இரண்டு பக்கமும் அடி. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், சிங்கப்பூர் இந்தியர்களில் 18 முதல் 69 வயது வரையிலானவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அப்படியென்றால் அத்தையைப் போல் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு வகுப்புக்கு வருபவர் எத்தனை பேர் இருப்பார்கள், யோசியுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. மருத்துவரிடம், "நான் பாலும் சாப்பிடுவதில்லை, பி12 பார்க்க வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பி12 மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கிறது. பி12 சேர்த்த சோயாப்பாலும் இருக்கிறது, எல்லா வகையிலும் சேர்ப்பதில்லை, பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும். கேக் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது, அந்த நீளமான தாள். எதைத்தான் சாப்பிடுவது?

சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் ஒரு தட்டுப் படம் வெளியிட்டது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு தவிடு நீக்காத தானியம், கால்பங்கு புரதம். நம் வீட்டுச் சைவத் தட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முக்கால் தட்டு வெள்ளைச் சோறு, மேலே தெளிந்த சாம்பார், ஓரத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல், ஒரு அப்பளம். உருளைக்கிழங்கைக் காய்கறி என்று நினைக்கிறோம், அது சோற்றுக்குத் தம்பி. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 48 கிராம் புரதம் வேண்டும். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம், தெம்பே 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம். ஆகவே பருப்பும் கடலையும் குழம்புக்குள் ஒளிந்திருந்தால் போதாது, மீன் துண்டு இருந்த இடத்துக்கு அவை வர வேண்டும். கெட்டிப் பருப்பு, பயறு, தாவ் குவா, தெம்பே இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் தெரிய வேண்டும். மேலே எலுமிச்சை பிழிந்தால் பருப்பிலுள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தே குடித்தால் அந்த நன்மை குறைந்துவிடும், ஒரு மணி நேரம் பொறுங்கள்.

தெம்பேயைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரச்சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது, நம்மவர்கள் நாசி பாடாங் கடையில் மட்டும் சாப்பிடுகிறோம். மெல்லியதாக வெட்டி, புளித்தண்ணீரும் மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைமணி நேரம் ஊறவைத்து, தோசைக் கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுட்டெடுங்கள். மீன் வறுவல் மசாலாவையே தடவலாம். கடையில் வாங்கும் தெம்பே சம்பலில் பெலாச்சான் இருக்கக்கூடும், அது இறால். காங்கோங் பிரட்டலிலும் அப்படியே. "பால் இல்லாத" கிரீமர் என்று எழுதியிருக்கும் தூளில் பாலிலிருந்து எடுத்த கேசினேட் இருக்கலாம். கேட்டுச் சாப்பிடுங்கள், படித்து வாங்குங்கள்.

வீகன் என்பதாலேயே அது ஆரோக்கியம் ஆகிவிடாது. பொரித்த வடை வீகன், கோலா பானம்கூட வீகன்தான். கோதுமைப் புரதத்தில் செய்த போலி ஆட்டிறைச்சியில் உப்பு தாராளமாக இருக்கும். பாலுக்குப் பதில் எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால் ஊற்றுகிறவர்கள் கொழுப்பையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தேத்தண்ணிக் கேள்வியை மறக்கவில்லை. சோயாப்பாலைக் கொதிக்கும் தேயில் ஊற்றினால் திரிந்துபோகும். பாலை முதலில் சூடாக்கிக் கோப்பையில் வைத்து, அதில் தேயை மெதுவாக ஊற்ற வேண்டும். சுண்ணாம்புச்சத்து சேர்த்த பால் என்றால் பெட்டியைக் குலுக்குங்கள், சத்து அடியில் தங்கிவிடும். இனிப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். தயிருக்கு அதே சோயாப்பாலை வெதுவெதுப்பாக்கி, பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு இரவு மூடி வைத்தோம். நம் ஊர் வெக்கைக்குக் காலையில் உறைந்திருந்தது. முதல் தயிரில் லேசான மிளகாய் வாசம். அதில் ஒரு கரண்டி எடுத்து உறைகுத்திய இரண்டாவது தயிரில் அது இல்லை.

கோழி கேட்கும் மகனுக்கும் வழி இருக்கிறது. வெங்காயம், தக்காளி, மசாலா வதக்கிய குழம்பை ஒன்றாகவே வையுங்கள். கடைசியில் இரண்டு சட்டியாகப் பிரித்து ஒன்றில் கொண்டைக்கடலை, மற்றதில் கோழி. அவனை மாற்றுவது இந்த வகுப்பின் வேலை இல்லை. அடுப்பில் நிற்பவரின் நேரத்தை மிச்சப்படுத்தினால் அவர் தொடர்ந்து சமைப்பார்.

அன்றைய வகுப்பிலும் ஆசிரியர் பெருந்தன்மையோடு முந்திரி சீஸை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் கடலைக் குழம்பையும் தெம்பேயையும்தான் செய்து காட்டினார். அத்தையும் வந்திருந்தார், முன்வரிசையில். மோர்க்குழம்புக்கு சோயாத் தயிர் சரிவருமா என்று கேட்டு ஆசிரியரைத் திணறடித்தார். வீட்டில் போய் அவரே செய்துபார்த்து, அடுப்பைக் குறைத்து வைத்தால் திரியாது என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

கேக் கேட்டு எழுதியிருந்தவர் ஒரு தாதி. முழுக் கேக்கையும் அவரிடமே கொடுத்தனுப்பினோம்.