செவிலியர் வளர்ந்தால் மருத்துவர் தேய்வாரா?

(ஜமாஅத்தின் கல்வி ஊக்கப் பரிசளிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் நம்மைச் சந்தித்தார். அவருடைய மகன் எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சி மருத்துவராக இருக்கிறார். மகள் பி.எஸ்சி. நர்சிங் படித்து, மாமல்லபுரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் பணியாற்றுகிறார். தந்தையின் கவலை மகனைப் பற்றியது. “ஹழ்ரத், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இப்போது மாத்திரை வீடு தேடி வருகிறது. நர்ஸே பார்த்து அனுப்பிவிடுகிறார். நாளை என் பையனிடம் யார் வருவார்கள்? நர்ஸ் நுழைய முடியாத ஸ்கேன் படிப்புக்கே போகட்டும். திருக்கழுக்குன்றம் சாலையில் இருக்கும் நிலத்தை விற்றாவது தனியார் கல்லூரியில் இடம் வாங்கிவிடவா?” என்றார்.

துஆவுக்கு வந்தவர் என்று நினைத்தோம். அவரோ கணக்குக் கேட்டார். மத்ரஸாவில் ஓதிய நமக்கு மருத்துவம் தெரியாது. எனவே ஒரு வாரம் தவணை வாங்கிக்கொண்டு, அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையே இங்கு உங்கள்முன் வைக்கிறோம்.

அவருடைய அச்சம் ஆதாரமற்றதன்று. நம் செங்கல்பட்டில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்ற அதே 1965ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து, நோயாளியைத் தாமே பரிசோதிக்கும் செவிலியருக்கான பயிற்சியைத் தொடங்கினார்கள். இன்று அந்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், இத்தகைய செவிலியர் மருத்துவரின் மேற்பார்வையின்றியே மருந்து எழுதலாம். நம் நாட்டிலும் 2018இல் பேறுகாலப் பணிக்கென்று இத்தகைய செவிலியரை உருவாக்கும் வழிகாட்டுதல் வந்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், சமுதாய சுகாதார வழங்குநர் என்ற பெயரில் வரையறுக்கப்பட்ட உரிமம் அளிக்க இடம் தந்தது. மருத்துவர்கள் நாடெங்கும் போராடினார்கள். பட்டணத்தானுக்கு மருத்துவர், பட்டிக்காட்டானுக்கு அரைப்படிப்பு என்றாகிவிடக் கூடாது என்ற அவர்களுடைய வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும், ஒரு வேலை மருத்துவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறினால் என்ன நிகழும் என்பதை அறிய அமெரிக்கா வரை போக வேண்டுவதில்லை. செங்கல்பட்டை அடுத்த திருமணி வரை போனால் போதும்.

அங்கே 1924இல் தொழுநோயாளருக்கென லேடி வில்லிங்டன் இல்லம் அமைந்தது. 1955இல் அது மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாயிற்று. இராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர் அங்குப் பணியாற்றினார். 1947இல் வேலூரிலிருந்து பால் பிராண்டு என்னும் எலும்பு அறுவை மருத்துவர் அவரைக் காண வந்தார். மடங்கிப்போன விரல்களைக் கண்டு, இது ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டார். தாம் தோல் மருத்துவர் என்றும், எலும்பு மருத்துவரான நீரே அதைச் சொல்ல வேண்டும் என்றும் காக்ரேன் திருப்பிக் கேட்டார். அந்நாள் வரை எலும்பு மருத்துவர் எவரும் அந்நோயின் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கவில்லை! பிராண்டு ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். அந்தக் கையின் இறுக்கம் அவரைத் திடுக்கிடச் செய்தது. விரல் மடங்கியிருந்தாலும் முன்கையின் தசைகள் உயிரோடிருந்தன. அந்தத் தசைநாரை இடம் மாற்றி விரலை நிமிர்த்தும் சிகிச்சை வேலூரில் அதிலிருந்தே பிறந்தது.

பின்னர் 1980களில் கூட்டுமருந்துச் சிகிச்சை வந்தது. மாதந்தோறும் முதல் மாத்திரையைத் தம் கண்முன் விழுங்கச் செய்தவர்கள் பெரும் நிபுணர்களல்லர். கிராமந்தோறும் சென்ற சுகாதாரப் பணியாளர்களே. 2005 டிசம்பரில் இந்நோய் நாட்டில் பதினாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலைக்கு வந்தது. மாத்திரை அவர்கள் கைக்குப் போனதால் எந்த மருத்துவரும் பிழைப்பை இழக்கவில்லை. இன்றும் புதிய நோயாளிகள் வருகிறார்கள். மரத்துப்போன தோலை உரிய காலத்தில் இனம் காணும் மருத்துவர்தாம் போதவில்லை.

நம் மஹல்லாவின் நிலையும் இதுவே. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு, தமக்குச் சர்க்கரை இருப்பதையே அறியாதிருந்த எத்தனை பேர் அதை அறிந்துகொண்டார்கள்! மேலே சொன்ன மகளிடமே கேட்டோம். “ஒரே நோய் என்றால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஹழ்ரத். சர்க்கரை, சிறுநீரகம், இதயம், மறதி எல்லாம் சேர்ந்த பெரியவர் ஒருவர், நான்கு மருத்துவர் எழுதிய பதினொரு மாத்திரையோடு வருகிறார். எதை நிறுத்துவது என்று சொல்ல ஆள் இல்லை” என்றார். செவிலியர் பெருகப் பெருக, கண்டுபிடிக்கப்படும் நோயும் பெருகுகிறது. அவர் தயங்கும் இடத்தில் முடிவு சொல்லப் பொது மருத்துவரும் முதியோர் மருத்துவரும் வேண்டும். மகன் வளைகுடாவில், தாய் இங்கே தனியே என்ற வீடுகள் நம்மிடையே எத்தனை! சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வ.செ.நடராசன் 1978இல் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே முதலாவதாக 1996இல் அங்கே முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது. இவ்வளவு காலத்துக்குப் பின்னும் அந்தத் துறையின் பெயரைக்கூட அறியாத பெற்றோர் நம்மில் உண்டு.

மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதினார்கள். ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் இல்லாதிருக்க, எல்லாரும் பதவியும் பெயரும் தரும் ஃபிக்ஹுக் கல்விக்கே முண்டியடிக்கிறார்கள் என்றும் வருந்தினார்கள். இது நம்மைப் போன்ற ஆலிம்களின் தலையில் விழுந்த குட்டு. அன்று ஃபிக்ஹ், இன்று ஸ்கேன். ஸ்கேன் படிப்பு தாழ்ந்ததென்று நாம் சொல்லவில்லை. படத்தைப் படிப்பதில் உண்மையான நாட்டமுள்ளவர் தாராளமாகப் போகட்டும். செவிலியருக்கு அஞ்சி ஓடி ஒளியும் இடமாக அதை ஆக்க வேண்டாம் என்பதே நம் சொல்.

செவிலியர் என்றால் இரண்டாம் தரம் என்று எண்ணுவோருக்கு இன்னொன்று. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்தது, பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்திருந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியிடம்.

வாக்களித்தபடி ஒரு வாரம் கழித்து இவற்றை அந்தத் தந்தையிடம் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அண்ணனும் தங்கையும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், இதுவரை தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே” என்றார். நிலப் பத்திரம் மீண்டும் பெட்டிக்குள் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். மகன் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது கலந்தாய்வுக்குப் பின்னரே தெரியும்.