கொடையன்று, உரிமை!



தருமபுரி மண்ணிலே நின்று பேசுவோர் எவரும் அதியமானை மறத்தல் இயலாது. தகடூரை ஆண்ட அம்மன்னன், நீண்ட வாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு அளித்தான் என்னும் செய்தியைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். போற்றத்தக்க கொடைதான், ஐயமில்லை. ஆயினும், அது மன்னன் கொடுக்க மற்றவர் பெற்ற காலம். இன்று நடப்பதோ மக்களாட்சி. சாலையும், குடிநீரும், பள்ளிக்கூடமும் எவரோ மனமிரங்கி வழங்கும் நெல்லிக்கனிகளா? அன்றி, நாமே கூடி எண்ணி முடிவு செய்து பெற வேண்டிய உரிமைகளா? ஊரக வளர்ச்சி பற்றிய பேச்செல்லாம் இந்தக் கேள்வியிலேதான் தொடங்க வேண்டும்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, சமுதாய வளர்ச்சித் திட்டம் இந்நாட்டிலே தொடங்கப்பட்டது. வட்டாரந்தோறும் அலுவலகம் எழுந்தது. சிற்றூர்களுக்குக் கிராம சேவகர் வந்தார். மக்கள் முயற்சி முன்னிற்க, அரசு துணை நிற்கும் என்றனர். நடந்தது என்ன? 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு ஆராய்ந்து பார்த்து, மக்களின் சொந்த முயற்சியை இத்திட்டம் தட்டி எழுப்பவில்லை என்று எடுத்துரைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களிடம் பொறுப்பை ஒப்படையுங்கள் என்பது அக்குழுவின் அறிவுரை. 1958-இல் சென்னை மாநிலம் ஊராட்சிச் சட்டம் இயற்றிற்று. ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன. சேலத்தினின்று பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானதும் ஓர் அக்டோபர் 2-ஆம் நாளில்தான், ஆண்டு 1965.

ஊரக வளர்ச்சி நூல்கள் முதலில் வலியுறுத்துவது, 'மக்கள் உணர்ந்த தேவை' என்பதை. எது வேண்டும் என்பதை ஊரார் சொல்ல வேண்டும் என்பது இதன் பொருள். சரியான கொள்கை. ஆனால் இது மட்டும் போதுமா? நமது மாவட்டத்து நீரே விடை சொல்லும்.

வானம் பார்த்த பூமி இது. தொண்டை வறண்டவன் தண்ணீர் கேட்டான். ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். நீர் பீறிட்டு வந்தது; ஊர் மகிழ்ந்தது. ஆனால் பாறை இடுக்கிலே நெடுங்காலம் தங்கிய நீரில் ஃபுளோரைடு கலந்திருந்ததைக் கண் கண்டதா? நாக்கு அறிந்ததா? அதற்கு நிறமில்லை, சுவையில்லை, காய்ச்சினாலும் போவதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடந்த நீரை ஆண்டுக்கணக்கில் பருகினால், குழந்தையின் பல்லிலே பழுப்புக் கறை படியும். அளவு மிக மிக மூட்டு இறுகும், எலும்பு வளையும். கேட்ட தேவை உண்மையானது. கொடுத்த பொருளோ தீங்கு செய்தது. ஆகவே, தேவையோடு ஆய்வும் சேர்தல் வேண்டும். ஊரார் குறையை உரைக்க, அறிந்தோர் நீரையும் நிலத்தையும் சோதித்து அறிவிக்க, இரண்டையும் ஒருசேரப் பார்த்து ஊர் முடிவு செய்ய வேண்டும்.

இத்துயர் துடைக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013-இல் தொடக்கம். செலவு 1,900 கோடி ரூபாய்க்கும் மேல்; ஜப்பான் நாட்டுக் கடனுதவியும் அதில் உண்டு. பெருந்திட்டம், இதனைச் சிற்றூர் ஒன்று தனித்து நிறைவேற்ற முடியாது. ஆனால் காவிரி நீர் ஊர்த்தொட்டிக்கு வந்த பின்? பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே தொட்டியில் கலந்தால், கோடிகளைக் கொட்டிய பயன் பாழாகும். எந்தக் குழாயில் எந்த நீர் வருகிறது, கடைசித் தெருவுக்கு வருகிறதா, சேரிக்கு வருகிறதா, சோதித்த கணக்கு எங்கே என்று கேட்க வேண்டியவர் யார்? நூறு கல் தொலைவிலுள்ள பொறியாளரா? அந்நீரைப் பருகும் நாமன்றோ! பெரிய அரசு செய்ய வேண்டியதைப் பெரிய அரசும், ஊர் செய்ய வேண்டியதை ஊரும் செய்தல், உள்ளூர்த் திட்டமிடலின் இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடத்தை நமக்குக் கற்பித்தவர்கள் இம்மாவட்டத்துத் தாய்மார்கள். 1989-இல், வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு மகளிர் குழுத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது தருமபுரியிலேதான். பன்னிரண்டு முதல் இருபது பேர் கூடுவர், சிறுதொகை சேமிப்பர், தமக்குள் கடன் கொடுத்து வாங்குவர், கணக்கை எல்லோர் முன்னிலையிலும் படிப்பர். நாணயம் நிலைபெற்ற பின் வங்கி வரும். இங்கே விளைந்த பயிரே 1997-98 முதல் 'மகளிர் திட்டம்' என்னும் பெயரில் மாநிலமெங்கும் பரவியது. பணத்திற்கு முன்னே அமைப்பு. கடனுக்கு முன்னே சேமிப்பு. இந்த வரிசையை மாற்றி, உதவித்தொகையை முதலில் காட்டிக் கூட்டம் சேர்த்தால், தொகை தீரும் நாளில் கூட்டமும் கலையும்.

"எழுத்தறியாத ஏழைக்குத் திட்டம் தீட்டத் தெரியுமா?" என்று ஏளனம் பேசுவோர் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்டிலிங்கிக்குச் சென்று வரட்டும். 1993-இல் அங்கே மருத்துவப் பணி தொடங்கிய ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர், அப்பகுதிப் பழங்குடிப் பெண்களையே பயிற்றி நலப்பணியாளர்களாக்கினர். தாயையும் சேயையும் காத்தவை அந்த ஊர்க் கைகளே.

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 29 துறைகளைச் சுட்டி, அவற்றை ஊராட்சிகளிடம் ஒப்படைக்க வழி வகுத்தது. மாவட்டத் திட்டக் குழு, கீழிருந்து வரும் திட்டங்களைத் தொகுக்க வேண்டும் என்றும் அரசியல் சட்டம் கூறுகிறது. 2015 முதல் ஒவ்வோர் ஊராட்சியும் ஆண்டுதோறும் வளர்ச்சித் திட்டம் வகுக்க வேண்டும் என்றாயிற்று. ஆனால் அலுவலகத்து அறையிலே பட்டியல் எழுதி, ஊராரிடம் கையொப்பம் மட்டும் பெற்றால் அது ஊர்த்திட்டம் ஆகுமா? மண்வெட்டி பிடிக்க அழைத்து, முடிவெடுக்கும்போது வெளியே நிறுத்துவது பங்கேற்பு ஆகுமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சி மன்றங்களுக்கு 2019 திசம்பரில்தான் இங்கே தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் காலமும் 2025 சனவரியில் முடிய, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். மன்றம் கலையலாம். கிராம சபை கலைவதில்லை! வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் அதற்குரியவை.

அந்நாளில் வீட்டிலிருந்துவிட்டு, மறுநாள் தேநீர்க் கடையிலே குறை கூறிப் பயனென்ன? செல்லுங்கள். தெருக்களை எண்ணுங்கள், குழாய்களை எண்ணுங்கள், நீர்ச் சோதனைத் தாளைக் கேளுங்கள். முதலில் எது, பிறகு எது என்று வரிசைப்படுத்துங்கள். சென்ற ஆண்டு எழுதிய பணி முடிந்ததா என்று வினவுங்கள். தாய்மார் பேசட்டும், சேரித் தோழன் பேசட்டும். தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பின் கையொப்பமிடுங்கள்.

அதியமான் கொடுத்த கனி ஒன்றே ஒன்று. ஔவை ஒருத்திக்கே அது உதவிற்று. நாம் கேட்பதோ ஊர் முழுதும் பருக நல்ல நீர். அதனைக் கேட்டுப் பெறும் அவை நம் ஊரிலேயே இருக்கிறது. அங்கே நம் இடம் காலியாக இருக்கலாகாது.